பசுமைக் கூரையில் நட்டதைவிட தானாக முளைத்ததுதான் அதிகம். பிடுங்குவதா, விடுவதா?

மாடிக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் பசுமைக் கூரை போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. மெல்லிய வகைதான், மண்கலவை அரைச் சாண் ஆழம் இருந்தால் அதிகம். முழுக்க செடம் என்கிற சின்னச் சதைப்பற்றுச் செடியை நட்டுக் கொடுத்தார்கள், முதல் வருடம் போட்டோ எடுக்கிற மாதிரி இருந்தது. இப்போது மேலே போனால் செடம் பாதிக்குமேல் காணோம். அது போன இடத்தையெல்லாம் யாரும் நடாத செடிகள் பிடித்துக்கொண்டன. தாத்தாப்பூ, புளியாரை, பருப்புக்கீரை நிறைய. ஒரு பக்கம் அருகம்புல், ஒரு மூலையில் கோரை, அதற்குப் பக்கத்திலேயே கரிசலாங்கண்ணி, பெயர் தெரியாத புல் இரண்டு மூன்று வகை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு அரசங்கன்றும் நிற்கிறது, விரல் நீளம்தான்.

அசோசியேஷனில் இரண்டு கட்சியாகிவிட்டது. "எல்லாம் களை, வேர் இறங்கினால் கீழ்வீட்டில் ஒழுகும், மொத்தத்தையும் வழித்துவிட்டுப் புதிதாக செடம் நடுவோம்" என்பது ஒரு கட்சி. பராமரிப்புக்கு வரும் கான்ட்ராக்டரும் அதையேதான் சொல்கிறார், அவருக்கு அதில் வேலை இருக்கிறது, வேறு என்ன சொல்வார். நான் அடுத்த கட்சி. செலவில்லாமல் வந்திருக்கிறது, பூக்கிறது, செடம் இருந்தபோது பார்க்காத வண்ணத்துப்பூச்சியெல்லாம் வருகிறது, இதை ஏன் பிடுங்க வேண்டும்? ஆனால் "ஒழுகினால் நீ பொறுப்பா" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு விவரம் போதாது. உண்மையிலேயே எந்தச் செடியின் வேர் நீர்க்காப்பைக் கெடுக்கும்? வழித்துவிட்டு மறுபடி நட்டால் இவை திரும்ப வராமல் இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கசிவுக்காரன்:

நீர்க்காப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மற்றதைப் பற்றி நிதானமாகச் சண்டை போடுங்கள், அந்த அரசங்கன்றை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அரசு, ஆல், இச்சி இந்த வகை எதுவும் முளைக்க மண்ணே தேவையில்லை. பறவை எச்சத்தோடு வரும் விதை சுவர் வெடிப்பில் ஒட்டிக்கொண்டு, அங்கே இருக்கும் துளி ஈரத்தில் முளைத்து, வேரை ஈரம் இருக்கும் பக்கமாக அனுப்பும். அந்த ஈரம் எங்கே இருக்கும்? கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூட்டில். நீர்க்காப்பு ஷீட்டை மடித்துச் சுவரில் ஏற்றி ஒட்டும் இடமும் அதுவேதான், அதாவது மொத்தக் கூரையிலும் பலவீனமான இடம். முளையில் கிள்ளாததை முற்றியபின் கோடாலி கொண்டு வெட்ட வேண்டும் என்பதை இந்தச் செடிக்காகவே சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது. கோடாலி போட்டாலும் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்.

மற்றபடி "வேர் இறங்கினால் ஒழுகும்" என்று மொட்டையாகச் சொல்வது சரியில்லை. முறையாகப் போட்ட பசுமைக் கூரையில் மண்கலவைக்கு அடியில் வடிகால் அடுக்கு, அதற்கும் அடியில் வேர்த்தடுப்பு ஷீட் இருக்கும், அல்லது நீர்க்காப்பு ஷீட்டே வேர் துளைக்காத வகையாக இருக்கும். ஜெர்மனியின் எஃப்.எல்.எல். என்கிற நிலவடிவமைப்பு ஆய்வுச் சங்கத்தின் நெறிமுறைப்படி இந்த ஷீட்டுகளைச் சோதிக்கும்போது இரண்டு செடிகளை அதன்மேல் வளர்ப்பார்கள். ஒன்று நெருப்புமுள் என்கிற புதர். இன்னொன்று, கவனியுங்கள், ஒரு சாதாரணப் புல், கூரான நுனியுள்ள கிடைத்தண்டு விடும் வகை. இரண்டு வருடம் வளர்த்தபின் ஷீட்டையோ ஒட்டுகளையோ ஒரு வேர்கூடத் துளைத்திருக்கக் கூடாது. சாதாரண பிட்டுமென், அதாவது தார் மாதிரியான பொருளில் செய்த ஷீட் மட்டும் போட்டிருந்தால் கதை வேறு, பிட்டுமெனுக்குள் வேர் நுழையும், அதனால்தான் பசுமைக் கூரைக்கென்று வேரெதிர்ப்பு மருந்து சேர்த்த ஷீட் தனியாக வருகிறது. ஆகவே அசோசியேஷன் முதலில் தேட வேண்டியது மண்வெட்டியை அல்ல, கட்டியபோது என்ன ஷீட் போட்டார்கள் என்ற காகிதத்தை.

தாத்தாப்பூவாலும் புளியாரையாலும் ஒழுகிய கூரையை நான் பார்த்ததில்லை. வடிகுழாய் வாய் அடைத்து ஒழுகிய கூரையை எண்ணி மாளாது. காய்ந்த இலை, புல் வேர், மண் எல்லாம் சேர்ந்து வாயை மூடிவிடும், தண்ணீர் தேங்கி, ஷீட் ஏற்றிய உயரத்தையும் தாண்டிச் சுவருக்குள் போகும். அதனால் ஒவ்வொரு வடிவாயையும் சுற்றி, கைப்பிடிச் சுவர் ஓரம் நெடுக, சுமார் 50 செ.மீ. அகலத்துக்குக் கூழாங்கல் மட்டும் இருக்க வேண்டும். அந்தப் பட்டையில் எது முளைத்தாலும், பூத்தாலும் சரி, வண்ணத்துப்பூச்சி வந்தாலும் சரி, எடுத்துவிட வேண்டும். அதற்கு உள்ளே என்ன வளர்கிறது என்பது என் பிரச்சினை இல்லை.

காட்டுவிதை:

கசிவுக்காரர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டார், நான் நடுவில் இருப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

திரும்ப வருமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வரும். தாத்தாப்பூ, எருக்கு இதற்கெல்லாம் விதையிலேயே பஞ்சு இருக்கிறது, எத்தனை மாடி என்று காற்று கணக்குப் பார்ப்பதில்லை. மரக்கன்றுகளைப் பறவையும் வௌவாலும் கொண்டுவரும். புளியாரை இன்னும் சுவாரசியம், காய் வெடித்து விதையைத் தூர எறியும், உலகம் முழுக்க நர்சரித் தொட்டிகளில் அது இருப்பதால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செடத்தின் மண்ணிலேயே ஒளிந்து வந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. மீதியெல்லாம் மண்கலவையில் சேர்த்த மக்கிலும், பராமரிப்புக்கு வருபவரின் செருப்பிலும். இதற்குள் மண்ணில் ஒரு விதைக் கையிருப்பே சேர்ந்திருக்கும். வழித்துவிட்டு வெறும் மண்ணாக விட்டீர்கள் என்றால், வெளிச்சம் பட்டு முளைக்கக் காத்திருந்த அத்தனைக்கும் ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்டதாகத்தான் அர்த்தம். புதிய செடம் வேர் பிடிப்பதற்குள் பழையபடி ஆகிவிடும், இந்த முறை இன்னும் அடர்த்தியாக.

செடம் ஏன் போனது என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள். பசுமைக் கூரை என்றாலே செடம் என்று ஆனது குளிர்நாட்டு வழக்கம். வறட்சியை நன்றாகத் தாங்கும், சரி, ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து நாள்கணக்கில் நின்றால் அழுகும், நிழல் விழுந்தால் மெலியும். உங்கள் கூரையில் அரசு முளைக்கிறது என்றால் அது செடத்தின் சீமை இல்லை. அது தோற்ற இடத்தில் பருப்புக்கீரை வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பருப்புக்கீரை வெயிலில் வேகமாக வளரும் வகை. தண்ணீர் தட்டுப்பட்டால் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவை எடுத்து வைக்கும் முறைக்கும் மாறத் தெரிந்தது. செடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்த அதே குணம்தான், இது சும்மா வந்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சி என்றீர்களே, சில சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுவுக்குப் புளியாரை இலைதான் சாப்பாடு. பருப்புக்கீரையிலும் ஒரு வகை முட்டையிடும். தாத்தாப்பூவில் தேன் குடிக்காத பூச்சியே குறைவு.

"இப்படித் தானாக வளர்ந்த கூரை உலகத்தில் எங்காவது உண்டா" என்று அசோசியேஷனில் கேட்பார்கள், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சூரிச் நகரத்துக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று, மோஸ் என்ற இடத்தில், 1914இல் கட்டியது. அதன் தட்டைக் கூரைமேல் சரளையும், அதன்மேல் சுற்றுவட்டார வயல்மண்ணும் போட்டார்கள். தோட்டம் போடும் எண்ணமே இல்லை. மண்ணோடு வந்த விதைகள் முளைத்து இன்று அது ஒரு புல்வெளி, 175 வகைச் செடிகள், அதில் 9 வகை ஆர்க்கிட். சுற்றியிருந்த வயலெல்லாம் நகரமான பிறகு, அந்தப் பகுதியில் கீழே அழிந்துபோனவை அந்தக் கூரையில் இருக்கின்றன. பெர்லினில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீ பரவாமல் இருக்கத் தார்க்கூரைமேல் மணலும் சரளையும் கொட்டினார்கள், அவற்றிலும் புல்லும் செடியும் தாமாகவே வந்தன, சில கூரைகள் 1980கள் வரைகூட இருந்தன. லண்டனில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். கருஞ்செவ்வாலி என்கிற சிறு பறவை, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பாழான மனைகளில் குடியேறியது. அந்த மனைகளையெல்லாம் கட்டடமாக்கத் தொடங்கியபோது, இடித்த செங்கல்லையும் கான்கிரீட் தூளையும் அந்தப் பறவைக்காகக் கூரையில் பரப்பி எதையும் நடாமல் விட்டார்கள், பழுப்புக் கூரை என்று அதற்குப் பெயர்.

எனவே நட்டதா முளைத்ததா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வேர் எப்படிப்பட்டது, நிற்கும் இடம் எது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

தரைத்தளவாசி:

ஆர்க்கிட் கதை அழகாக இருக்கிறது, ஆனால் அது நூறு வருடக் கதை, உள்ளூர் வயல்மண்ணைப் போட்டதால் வந்தது. பை பையாக வாங்கிய கலவையில் வராது. பழுப்புக் கூரை என்று விட்டுவிட்டு, சில வருடத்தில் புட்லியா புதர் மட்டும் மண்டிக்கிடக்கும் கூரைகளும் இருக்கின்றன, அவற்றை யாரும் போட்டோ எடுத்துப் போடுவதில்லை. நியூயார்க்கில் தெருவுக்கு மேலே பாலமாகப் போகும் ஹைலைன் என்ற பழைய ரயில்பாதை பற்றி எல்லோரும் உருகுவார்கள், 1980இல் ரயில் நின்றபின் தண்டவாளத்தில் தானாக வளர்ந்த காடு என்று. உண்மை என்னவென்றால் 2009இல் பூங்காவாகத் திறப்பதற்கு முன் அந்தக் காட்டை முழுக்க எடுத்துவிட்டு, பழுதெல்லாம் பார்த்து, புது மண் போட்டு, அதன் சாயலில் புதிதாகச் செடிகளை நட்டார்கள். இன்றைக்கும் தோட்டக்காரர்கள் பராமரிக்கிறார்கள். தானாக வளர்ந்தது மாதிரித் தெரியவைப்பதற்கே அவ்வளவு உழைப்பு.

இன்னொன்று. கோடையில் போய்ப் பாருங்கள். ஒருவருடச் செடிகள் விதைத்துவிட்டுச் செத்துவிடும், புல்லெல்லாம் காய்ந்து சருகாக நிற்கும். மாடியில் சிகரெட் பிடிப்பவர்கள் எந்தக் கட்டடத்தில் இல்லை? செடம் சதைப்பற்றுள்ளது, லேசில் பற்றாது. காய்ந்த புல் அப்படியல்ல. "இயற்கை" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

மண்வெட்டி:

தரைத்தளவாசி சொல்லும் தீ விஷயம் நியாயமானது, மற்றதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் தெரிகிறது :) கசிவுக்காரர் சொன்ன கூழாங்கல் பட்டை ஓரத்தில் தீத்தடுப்புக்கும் உதவும், பெரிய கூரை என்றால் நடுவிலும் அப்படிப் பட்டை விட்டுப் பிரிக்க வேண்டும். புல்லைக் காயவிடாமல், விதை முற்றுவதற்கு முன்பே அரிவாளால் அறுத்து, அறுத்ததைக் கீழே கொண்டுபோய்விடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் செய்வதில்லை, அறுத்ததை அங்கேயே போட்டுவிடுவார்கள். அது மக்கி மண் கொழுக்கும். மண் கொழுத்தால் உயரமாக, வேகமாக வளரும் இரண்டு மூன்று வகை மட்டும் மற்றதை நசுக்கிவிட்டு மேலே வரும். கூரைக்கு ஏழை மண்தான் நல்லது. அதே காரணத்துக்காக உரம் வேண்டவே வேண்டாம், செடம் மெலிகிறதே என்று கான்ட்ராக்டர் உரம் தூவியிருந்தால் உங்கள் புல்லுக்குக் காரணம் அவரேதான். தானாக வரும் பயறு குடும்பத்துச் செடிகளையும் ஒரு கண் வைத்திருங்கள், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து இதே வேலையைச் செய்யும். சுபாபுல் கன்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், அது மரம்.

மாடிக்குருவி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஷீட் பற்றிய காகிதம் செயலாளரிடம் இருப்பதாகச் சொல்கிறார்கள், கேட்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். அரசங்கன்றை லேசாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, அறுந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன். இன்னொன்று அந்தக் கோரை மூலை. பிடுங்கிய இடத்தில் மறுபடி வருகிறது. கோரையும் புல் மாதிரித்தானே, விட்டுவிடலாமா, இல்லை மருந்து அடித்துவிடலாமா?

மண்வெட்டி:

மருந்து அடிக்காதீர்கள். கூரையில் தெளிப்பது அடுத்த மழைக்கு வடிகுழாய் வழியாக நேரே வடிகாலுக்குப் போகும், அரைச் சாண் மண்ணில் அதைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. ஷீட்டுக்கு அது ஆகுமா என்பது வேறு கேள்வி.

கோரை புல் மாதிரி இல்லை. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சங்கிலி போட்டுக்கொண்டே போகும், மேலே இழுத்தால் தழை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து வேறு முளை விடும். முளை நுனி ஊசி மாதிரி, வயலில் போடும் பிளாஸ்டிக் மூடாக்கையே குத்திக்கொண்டு வெளியே வரும். நீங்கள் விடலாமா என்று கேட்பதில் நான் கட்டாயம் எடுக்கச் சொல்வது மரக்கன்று, எருக்கு, அதற்கடுத்து இது. மண்ணைக் கையால் கிளறி, இரும்புக் கருவி எதுவும் வேண்டாம், கிழங்குகளைப் பொறுக்கி எடுங்கள். ஒரே முறையில் தீராது. அருகம்புல் கூரை ஓரத்துக்கு வராதவரை இருக்கட்டும்.

ஆனால் அதைவிட முக்கியம், கோரையும் கரிசலாங்கண்ணியும் ஒரே மூலையில் சேர்ந்து வந்திருக்கிறது என்று முதலிலேயே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஈரத்தை விரும்பும் செடிகள். கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரத்தில் பார்க்கிற செடி. மற்ற இடமெல்லாம் பருப்புக்கீரை வளரும் அளவுக்குக் காய்கிறது, அந்த மூலை மட்டும் ஈரமாக இருக்கிறது என்றால் அங்கே தண்ணீர் நிற்கிறது. சொட்டுநீர்க் குழாய் ஏதாவது கசிகிறதா பாருங்கள், இல்லையென்றால் தளத்தின் சரிவு அந்தப் பக்கம் தப்பாக விழுந்திருக்கும், அல்லது அடியில் வடிகால் அடுக்கு அடைத்திருக்கும். எல்லாவற்றையும் வழித்துவிட்டுச் செடம் நட்டிருந்தால் இது தெரிந்திருக்காது, செடம் அழுகியபின் மறுபடி கான்ட்ராக்டரைத் திட்டியிருப்பீர்கள்.

காட்டுவிதை:

மண்வெட்டி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஒரு கூரைக்கு முதல்முறை போனால் ப்ளூப்ரிண்ட் கேட்பதில்லை, செடியைத்தான் பார்ப்பேன். பாசி படர்ந்திருந்தால் மண் இறுகியிருக்கிறது அல்லது நிழல். ஒரே இடத்தில் மட்டும் புல் உயரமாக இருந்தால் அங்கே மண் ஆழம் அதிகம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், புதுத் தட்டைக் கூரைகளுக்குப் பசுமைக் கூரை கட்டாயம் என்று 2002இல் சட்டமே வந்தது. அங்கே மண்ணை ஒரே மட்டமாகப் பரப்பாமல் அங்கங்கே மேடாகக் குவிக்கச் சொல்கிறார்கள், அதுவும் அந்த வட்டாரத்து மண்ணாக. மேட்டில் ஒன்று வளரும், பள்ளத்தில் ஒன்று வளரும், பூச்சிக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். உங்கள் கூரையிலும் செய்யலாமா என்றால், எடை தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள்.

கட்சிச் சண்டைக்கு ஒரு யோசனை. மாடிக்கு ஏறி வந்ததும் கண்ணில் படும் பக்கத்தையும் ஓரங்களையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், கல் பட்டை நேர்க்கோடாக இருக்கட்டும். நடுவில் அடர்ந்திருப்பது அப்போது பராமரிக்காமல் விட்டதாகத் தெரியாது. பாதிச் சண்டை அதிலேயே அடங்கும், மனிதர்களுக்கு ஒரு கோடு தெரிந்தால் போதும்.

கசிவுக்காரன்:

அரசங்கன்றுக்கு: இழுக்காதீர்கள், மூட்டில் இருப்பது இழுத்தால் வராது, வந்தால் ஷீட்டின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். நன்றாக நனைத்து, பக்கத்துக் கல்லையும் மண்ணையும் ஒதுக்கி, வேர் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். மண்ணில் மட்டும் இருந்தால் முழு வேரோடு வந்துவிடும், விரல் நீளக் கன்றுக்குப் பெரிய வேர் இருக்காது என்று மட்டும் நினைக்க வேண்டாம், இந்த இனத்தில் மேலே இருப்பதைவிடக் கீழே நீளமாக இருக்கும். மூட்டுக்குள் போயிருந்தால் அடியோடு வெட்டிவிட்டு, ஷீட் ஒட்டத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் திறந்து, வேரை எடுத்து, மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். சும்மா வெட்டிவிட்டு மேலே சிமென்ட் பூசுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே உயிரோடு இருக்கும்.

அந்த ஈர மூலையை அடுத்த மழைக்குக் காத்திருக்காமல் பாருங்கள். 1 செ.மீ. தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 10 கிலோ, ஊறிய மண்ணின் எடை அதற்கு மேல். வடிவாயின் மூடியைக் கழற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே இறங்கினால் வாய் சரி, அடைப்பு அடுக்கில் இருக்கிறது. அப்படியே கீழ்வீட்டுக் கூரையின் அடிப்பக்கத்தில், அதே மூலைக்கு நேர் கீழே, பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். போட்டோவும் போடுங்கள்.